டர்பனில் புதுக்குடித்தனம்: தொலைக்காட்சியோடு ஒரு குட்டிக் கணினி

வீடு பிடித்துப் பாத்திரம் பண்டம் அடுக்கியதும் மனம் தேடுவது நம் பாட்டையும் படத்தையும்தான். உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கணினியும் எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும் இணைப்பு) துளையுள்ள தொலைக்காட்சியும் இருந்தால் போதும். தொலைக்காட்சிக்குத் தென்னாப்பிரிக்காவில் உரிமம் உண்டு, வீட்டுக்கு ஆண்டுக்கு 265 ராண்ட். பெட்டி வாங்கப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சிறிய பிளக் பல வீடுகளின் சுவரில் நுழையாது. இங்குள்ள துளை, நாம் ஏசிக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக்குக்கானது. மின்னழுத்தம் ஊரில் உள்ள அதே 230 வோல்ட் என்பதால் அடாப்டர் ஒன்றே போதும்.

ராஸ்பெரி பை 4 என்றால் சாதாரண கேபிள் பொருந்தாது, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். துளைகள் இரண்டில், மின்சாரத் துளையை ஒட்டியிருப்பதில் செருகுங்கள். சார்ஜர் 5 வோல்ட், 3 ஆம்பியர் தர வேண்டும். திரை மூலையில் மின்னல் குறி தெரிந்தால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். மெமரி கார்டில் லிப்ரெஎலெக் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், படமும் பாட்டும் ஓட்டும் கோடி (Kodi) செயலி தானே திறக்கும். தொலைக்காட்சி அமைப்பில் சிஇசி (ஒரே ரிமோட்டில் இரண்டையும் இயக்கும்) வசதியை இயக்கிவிட்டால் (சாம்சங்கில் எனிநெட், எல்ஜியில் சிம்ப்லிங்க்) பெட்டியின் ரிமோட்டே கணினிக்கும் போதும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் திரை அளவை 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்றுங்கள்.

நான் மன்றாடிச் சொல்வது மின்வெட்டைப் பற்றி. 2023இல் பெரும்பாலான நாட்கள் வெட்டு இருந்தது. இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் அசந்துவிடாதீர்கள். ஒருநாள் இரவு படம் ஓடும்போதே மின்சாரம் போய், திரும்பி வந்தபோது என் கணினி எழவே இல்லை. கார்டு கெட்டு, சேர்த்துவைத்த அம்மாவின் காணொளிகளும் போய்விட்டன. அதனால் படங்களைத் தனி வட்டில் வைத்து இன்னொரு பிரதியும் எடுங்கள். மின்னெழுச்சித் தடுப்புள்ள பலகையில் மாட்டுங்கள். வெட்டு நேரம் தெரிந்தால் முன்பே முறைப்படி அணைத்துவிடுங்கள்.

ஊர் நேரலைக்கு இந்திய நேரத்தில் மூன்றரை மணி நேரத்தைக் கழியுங்கள். ஊரில் இரவு 8 மணி என்றால் இங்கே மாலை 4.30. இந்திய வம்சாவளியினர் நிறைந்த டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் குடியேறினால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். 1860 முதல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தவர்கள், பலருக்கு வீட்டுமொழி ஆங்கிலம்தான். ஆங்கில வசன வரிகள் (சப்டைட்டில்) கோப்பைப் படத்தின் பெயரிலேயே அதே கோப்புறையில் வையுங்கள், கோடி தானே எடுத்துக்கொள்ளும்.