சிகாகோ ஹில்டனில் இரண்டு பாத்ரூம் அறையைப் பிடிப்பது எப்படி?

1927-ல் ஸ்டீவன்ஸ் ஹோட்டலாகத் திறந்தபோது இங்கே 3,000 அறைகள். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய ஹோட்டல் இதுதான். 1980-களில் புதுப்பித்தபோது சின்ன அறைகள் பலவற்றை இரண்டு இரண்டாகச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள்; இப்போது சுமார் 1,500. அப்படிச் சேர்த்த அறைகளில் பழைய பாத்ரூம்கள் இரண்டும் தங்கிவிட்டன. பாட்டி, குழந்தைகளோடு காலை எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

படி 1: அறை. தேதி போட்டதும் முதலில் வருவது விலை குறைந்த சின்ன அறை. பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. அதைத் தாண்டி, ‘இரண்டு குயின் கட்டில், இரண்டு பாத்ரூம்’ என்று வெளிப்படையாகப் போட்டிருப்பதைத் தேடுங்கள். கட்டில் எண்ணிக்கை மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஹோட்டலின் சொந்தத் தளத்திலேயே புக் செய்வதுதான் என் கட்சி. ஒரு முன்பதிவுத் தளம் எனக்கு அனுப்பிய ரசீதில் ‘ஃபேமிலி ரூம்’ என்று மட்டும் இருந்தது; கவுன்டரில் அதை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது? ரசீதில் பாத்ரூம் எண்ணிக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே விமான டிக்கெட் பக்கம் போங்கள்.

படி 2: விலை. 2025 மே முதல் அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்துத்தான் விலை காட்ட வேண்டும். வரி தனி, அதுவும் கணிசம். கடைசிப் பக்கம்வரை போய்ப் பாருங்கள்.

படி 3: ஓ'ஹேர் விமான நிலையத்திலிருந்து புளூ லைன் ரயிலில் ஜாக்சன் ஸ்டேஷன். அங்கேயே சுரங்கப்பாதை வழியாக ரெட் லைனுக்கு மாறி, தெற்கே ஒரே ஸ்டேஷன், ஹாரிசன். அப்புறம் மிச்சிகன் அவென்யூ பக்கம் கொஞ்சம் நடை.

பெட்டியை வைத்ததும் கிராண்ட் பால்ரூமை எட்டிப் பாருங்கள், நிகழ்ச்சி எதுவும் இல்லையென்றால். 1942-ல் ராணுவம் ஹோட்டலை வாங்கியபோது, அந்தத் தங்கப்பூச்சு வேலைப்பாட்டுக்குக் கீழேதான் வீரர்கள் சாப்பிட்டார்கள்.

பின்சேர்க்கை: கமென்டில் ஒருவர் ஃபாரெக்ஸ் கார்டை (முன்கூட்டியே டாலர் போட்டு வைக்கும் கார்டு) கொடுத்து மாட்டிக்கொண்டாராம். செக்-இன் செய்யும்போது முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அது திரும்ப நாளாகும். கிரெடிட் கார்டே கொடுங்கள்.

இன்னொருவர் ஜாஸ் எங்கே கேட்கலாம் என்றார். ஹாரிசனிலிருந்து அதே ரெட் லைனில் வடக்கே லாரன்ஸ் ஸ்டேஷன் போனால் கிரீன் மில் என்ற ஜாஸ் கிளப். 21 வயது ஆகாதவர்களுக்கு அனுமதியில்லை. பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.