அரிசி டம்ளரும் எண்ணெய்த் தூக்கும்: வீட்டுச் சாப்பாட்டிலேயே எடை குறைக்க

எடை குறைக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் சோற்றை நிறுத்துகிறார்கள். பத்து நாள் தாங்கும். பிறகு பழைய அளவை விட ஒரு கரண்டி கூடவே தட்டில் விழும். சோற்றை விட வேண்டியதில்லை, அளவு தெரிந்தால் போதும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், அளந்து மட்டும் பாருங்கள். உலைக்கு அரிசி எடுக்கும் டம்ளரில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று ஒருமுறை தராசில் வையுங்கள். 100 கிராம் அரிசிக்குச் சுமார் 350 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2000 கலோரி சாப்பாட்டில் ஒரு நாளுக்கான தானியம் 250 கிராம். இட்லி, தோசை, சோறு, சப்பாத்தி எல்லாம் சேர்ந்த கணக்கு இது. காய்கறியும் கீரையும் 400 கிராம். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம். நம் வீடுகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ்: சோறு குவியலாக, பொரியல் தொட்டுக்கொள்ள.

இரண்டாம் வாரம் அரிசியில் கால் பங்கை மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் மாலை நான்கு மணிக்கே முறுக்கு டப்பா திறக்கும். குறைத்த இடத்தில் காயை இரட்டிப்பாக்குங்கள், கூடவே பருப்பும் வேண்டும். தண்ணியான சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஒரு முட்டையிலும் அவ்வளவுதான். பசி அடங்குவது இவற்றால்தான்.

சப்பாத்திக்கு மாறினால் இளைத்துவிடலாம் என்பது வெறும் நம்பிக்கை. கோதுமை மாவும் அரிசியும் கிராமுக்குக் கிராம் கிட்டத்தட்ட ஒரே கலோரி. சாமை, தினையும் அப்படியே. நார்ச்சத்து கூடுதல் என்பதால் சீக்கிரம் வயிறு நிறையும், அந்த லாபம் உண்டு. ஆனால் மூன்று சப்பாத்திக்கும் எண்ணெய் விட்டுச் சுட்டால் அதுவும் போச்சு.

உண்மையில் கணக்கைக் கெடுப்பது எண்ணெய்தான். ஒரு டீஸ்பூன் 5 மி.லி., சுமார் 40 கலோரி. அதே வழிகாட்டி ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 27 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன், நெய்யும் சேர்த்து. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் வரும். ஒன்றாம் தேதி அதைத் தூக்கில் ஊற்றிவிடுங்கள்; இருபதாம் தேதியே அடி தட்டினால் தவறு எங்கே என்று தெரிந்துவிடும். பாட்டிலை வாணலியில் சாய்க்காமல் ஸ்பூனில் எடுங்கள். தாளிப்புக்கு இரண்டு டீஸ்பூன் தாராளம்.

வாரம் ஒருமுறை, காலையில் கழிப்பறை போய்வந்தபின், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் ஊறுகாய், அப்பளம் சாப்பிட்ட மறுநாள் உடலில் தங்கிய நீரைக் கொழுப்பு என்று நினைத்துக் கவலைப்படுவீர்கள். வாரம் கால் முதல் அரைக் கிலோ குறைந்தால் போதும். எடை நின்று இடுப்பு குறைந்தாலும் நல்லதே: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. மாதம் முழுக்க இரண்டும் அசையவில்லையென்றால் காபி, டீச் சர்க்கரையையும் மாலைப் பலகாரத்தையும் எழுதிவையுங்கள்; பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இதைச் செய்ய வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.