கேரவன் இழுக்கும் முன் ஒரு கணக்கு

பெங்களூரு அல்சூரில் இருக்கும் நண்பர், சக்கரம் வைத்த குட்டி வீடு மாதிரியான கேரவனைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஏற்காடு போகத் திட்டம் போட்டார். "வண்டி 2,000 கிலோ இழுக்கும், கேரவன் 1,200 கிலோதானே?" என்றார். பலரும் சறுக்குவது இங்கேதான்.

இழுக்கும் திறன் வேறு, கார் தன் மேல் சுமக்கும் திறன் வேறு. ஆர்சியில் காலி எடை 2,000 கிலோ, மொத்த எடை வரம்பு 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500. ஐந்து பேர் ஏறினால் 350 போச்சு. பெட்டி, முறுக்கு டின், மாமியாரின் இட்லிப் பானை எல்லாம் சேர்த்து 80. மீதி 70தான். கேரவனின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாகக் காரின் பின்பக்கம் அழுத்தும். அது 120 கிலோ! அதாவது 50 கிலோ அதிகம். பின்பக்கம் தாழ்ந்தால் முன் சக்கரப் பிடிப்பு குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும்.

தண்ணீர்த் தொட்டியையும் மறக்க வேண்டாம். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. ஊருக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாமே.

ஓசூர் ரோட்டில் லாரிகள் ஏறும் எடை மேடை ஒன்றில், ஆட்களோடும் சாமான்களோடும் நிறுத்திப் பாருங்கள். கேரவனைக் கழற்றாமல், காரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கட்டும். கொக்கிச் சுமையும் சேர்ந்த எடை தெரிந்துவிடும்.

அப்புறம், கேரவனுக்குத் தனி பிரேக் இல்லையென்றால் வழியில் வரும் தொப்பூர் கணவாய் இறக்கத்தை நினைத்தே பார்க்காதீர்கள்.