அர்ஜென்டினாவின் என்சலாடா ரூசா: கிழங்கு குழையாமல், தண்ணீர் விடாமல் செய்யும் முறை

டிசம்பர் 24 இரவு அர்ஜென்டினாவில் குடும்பம் மொத்தமும் கூடும்போது பெரும்பாலான வீடுகளில் மேசையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய இது இருக்கும். என்சலாடா ரூசா என்றால் ரஷ்ய சாலட். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, மயோனைஸ், அவ்வளவுதான் சாமான். பார்க்க எளிதுதான். ஆனால் பத்துப் பேருக்குச் செய்து முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் மூடியைத் திறந்தால், அடியில் வெள்ளையாகத் தண்ணீர் தேங்கியிருக்கும், கிழங்கு பாதி மசியலாகியிருக்கும். பலரும் மயோனைஸைக் குறை சொல்வார்கள். கோளாறு அதற்கு முன்பே, கிழங்கை வேகவைத்து வடிக்கிற இடத்தில் நடந்து முடிந்திருக்கும்.

அங்கே டிசம்பர் கோடைக்காலம். புவெனஸ் அயர்ஸில் பகலில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதனால் பண்டிகை விருந்திலேயே பாதி குளிர்ந்த பண்டங்கள்தான். வீட்டெல் தோனே என்று ஒன்று, மெல்லிய கன்றிறைச்சித் துண்டுகளின் மேல் டியூனாவும் நெத்திலியும் அரைத்த சாஸ். மதாம்ப்ரே என்று இன்னொன்று, காய்கறியும் முட்டையும் வைத்துச் சுருட்டி வேகவைத்த மாட்டிறைச்சி. இந்த இரண்டுக்கும் பக்கத்தில் உட்காருவது நம் சாலட். கரியில் வாட்டிய அசாடோ இறைச்சியோடும் ஆண்டு முழுக்க இது உண்டு.

1860களில் மாஸ்கோவின் எர்மிதாஜ் உணவகத்தில் லூசியன் ஒலிவியே என்ற சமையல்காரர் செய்த சாலட்தான் இதற்கு மூலம். அதில் வேட்டைப் பறவை இறைச்சியெல்லாம் இருந்தது. கடல் தாண்டி வந்தபோது அதெல்லாம் உதிர்ந்துபோய் கிழங்கு தலைமைக்கு வந்துவிட்டது. ஆண்டிஸ் மலைக்காரர்கள் பயிராக்கிய கிழங்கு ஐரோப்பாவுக்குப் போய், மயோனைஸ் பூசிக்கொண்டு சொந்தக் கண்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

தேவையானவை (பக்க உணவாக 10 பேருக்கு)

உருளைக்கிழங்கு 1.5 கிலோ
கேரட் 450 கிராம்
பச்சைப் பட்டாணி 300 கிராம், உறைந்தது அல்லது டப்பாவிலிருந்து வடித்தது
மயோனைஸ் 400 கிராம்
முட்டை 4
வெள்ளை வினிகர் 2 மேசைக்கரண்டி, வேகவைக்கத் தனியாக இன்னும் கொஞ்சம்
சூரியகாந்தி எண்ணெய் 1 மேசைக்கரண்டி
எலுமிச்சை 1, உப்பு, மிளகுத்தூள்

கிழங்கு

அர்ஜென்டினாவில் சந்தையில் அதிகம் கிடைப்பது ஸ்புன்தா என்கிற நீளமான, உள்ளே வெளிர்மஞ்சளான ரகம். வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். உங்களுக்குக் கிடைக்கும் கிழங்கு எந்த வகை என்று தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள். 1 கப் உப்புக்கு 11 கப் தண்ணீர் என்று கரைத்து, கிழங்கை அதில் போடுங்கள். மிதந்தால் மாவுச்சத்து குறைவு, சாலட்டுக்கு நல்லது. மூழ்கினால் மாவுக்கிழங்கு, மசியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் சீவி 1 செ.மீ.க்குச் சற்றே பெரிய சதுரங்களாக நறுக்குங்கள். கேரட்டை 1 செ.மீ.க்குக் கொஞ்சம் உள்ளேயே நிறுத்துங்கள். ஒரு கரண்டியில் மூன்றும் சேர்ந்து வர வேண்டும், அதுதான் அளவு. கூரான சாதாரணக் கத்தியே போதும். அழுத்தினால் சதுரமாக விழும் சல்லடைக் கத்திகள் கிழங்கின் ஓரத்தை நசுக்குகின்றன, நசுங்கிய ஓரம்தான் தண்ணீரில் முதலில் கரைகிறது. நறுக்கியதை இரண்டு தண்ணீரில் அலசுங்கள்.

மூன்றுக்கும் தனித்தனிப் பாத்திரம்

நேரம் மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடுகிறவர்கள் நிறைய. இந்த முறையில் அது ஒத்துவராது. கிழங்கு வேகும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி வினிகர் சேர்க்கிறோம். புளிப்புத் தண்ணீரில், செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையாது. அதனால் உள்ளே நன்றாக வெந்தபிறகும் ஓரம் உடையாமல் நிற்கிறது. இதே புளிப்பு கேரட்டை மிருதுவாக விடாது, பட்டாணியின் பச்சையையும் மங்கலான காக்கி நிறமாக்கிவிடும்.

கேரட்டை உப்புத் தண்ணீரில் 7 முதல் 8 நிமிடம் வேகவைத்து வடியுங்கள். உறைந்த பட்டாணிக்குக் கொதிக்கும் தண்ணீரில் 2 நிமிடம் போதும். உடனே குளிர்ந்த நீரில் போட்டு, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். அர்ஜென்டினாவில் டப்பாவில் வருவது பெரும்பாலும் காய்ந்த பட்டாணியை ஊறவைத்து அடைத்தது. அந்தக் கொழகொழத் தண்ணீர் துளி தங்கினாலும் சாலட் பிசுபிசுக்கும். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுங்கள்.

கிழங்கைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கிழங்குக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கட்டும். லிட்டருக்கு 10 கிராம் உப்பு, மேலே சொன்ன வினிகர். கொதி வந்ததும் தணலைக் குறையுங்கள். தளதளவென்று கொதித்தால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதியே உடைந்துவிடும். அங்கிருந்து 8 முதல் 10 நிமிடம். ஏழாவது நிமிடத்திலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். நடுவில் நறுக்கென்று ஒன்றும் தட்டுப்படக் கூடாது. வெந்தபிறகும் ஓரம் கூர்மையாகவே நிற்கும், அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாயில் போட்டுப் பார்க்காமல் முன்கூட்டியே இறக்குவதுதான் தப்பு. ஃபிரிட்ஜில் கிழங்கு இன்னும் கெட்டிப்படும். அரைவேக்காடு மறுநாள் கல்லாகக் கடிபடும்.

குக்கர் வேண்டவே வேண்டாம். ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில்தான் நமக்கு வேண்டிய பதம் இருக்கிறது, மூடியைத் திறந்து பார்க்க வழியில்லை.

ஆறவைப்பது, இங்கேதான் எல்லாம்

வடித்த கிழங்கின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சூடான கிழங்கிலிருந்து எழும் ஆவிதான் அதன் ஈரத்தை வெளியே கொண்டுபோகிறது. கிழங்கின் சொந்தச் சூடே அதை உலர்த்துகிறது. குளிர்ந்த நீரை ஊற்றினால் அந்தச் சூடும் போச்சு, மேலே ஒரு தண்ணீர்ப் படலமும் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீர்தான் மறுநாள் பாத்திரத்தின் அடியில் தேங்கி நிற்கிறது.

வடிதட்டிலேயே குவித்து வைத்தாலும் அதே கதை. மேலே இருப்பது உலரும், அடியில் இருப்பது ஆவியில் மறுபடி வெந்து குழையும். இரண்டு அகலத் தாம்பாளம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இந்தச் சமையலுக்கு ஒரு கருவி வாங்கலாம் என்றால் இன்னொரு தாம்பாளம் வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் துண்டுகளின் மேல் இருந்த பளபளப்பு அடங்கி, மெல்லிய மாவு பூத்தது போலத் தெரியும். அப்போது 2 மேசைக்கரண்டி வினிகர், 1 மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு மூன்றையும் கலந்து மேலாகத் தெளியுங்கள். சூடு இருக்கும்போது புளிப்பும் உப்பும் உள்ளே இறங்கும். ஆறியபின் தெளித்தால் மேலோடு நின்றுவிடும்.

மின்விசிறிக்குக் கீழே முக்கால் மணி நேரம், பிறகு ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். கையில் அள்ளினால் ஜில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பான கிழங்கில் மயோனைஸ் பட்டால் அது பிரிந்து எண்ணெய் கசியும்.

கலப்பது

அகலமான பாத்திரம், ரப்பர் ஸ்பேச்சுலா. உலோகக் கரண்டியின் விளிம்பு துண்டுகளை வெட்டும். 400 கிராம் மயோனைஸில் முதலில் 300 கிராம்தான். கீழிருந்து மேலே புரட்டுங்கள், கிளறாதீர்கள். பத்துப் பன்னிரண்டு புரட்டில் எல்லாம் பூசிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, மிளகுத்தூள். மிச்சம் 100 கிராம் மயோனைஸைப் பரிமாறும் முன் சேர்க்க எடுத்து வையுங்கள். இரவில் கிழங்கு கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், மறுநாள் வறட்சியாகத் தெரியும். உப்பையும் குளிர்ந்தபின் மறுபடி பாருங்கள். குளிர்ந்த பண்டத்தில் உப்பு குறைவாகத் தெரியும்.

முட்டையைக் கொதி வந்தபின் 10 நிமிடம் வேகவைத்து, இரண்டை நறுக்கி உள்ளே, இரண்டை வட்டமாக அரிந்து மேலே வைக்கலாம். முட்டை போடாமல் செய்கிற வீடுகளும் உண்டு.

முட்டையில்லாத மயோனைஸ்

முட்டை சாப்பிடாதவர்கள் கூட்டத்தில் இருந்தால் பால் மயோனைஸ் சரியாக வரும். பச்சை முட்டைக் கவலையும் இல்லை. 100 மி.லி. பால், 200 மி.லி. சூரியகாந்தி எண்ணெய், 1 தேக்கரண்டி கடுகு பேஸ்ட், அரைத் தேக்கரண்டி உப்பு. ஒடுக்கமான உயரக் குவளையில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை அடிவரை இறக்கி ஓட்டுங்கள். 30 வினாடி, அதுவரை தூக்கவே கூடாது. அடியிலிருந்து வெள்ளையாகத் திரண்டு மேலே ஏறுவது தெரியும், அதன்பின் மெதுவாக உயர்த்துங்கள். கடைசியில் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் இன்னும் கெட்டியாகும். பாலின் புரதம்தான் எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. ஃபிரிட்ஜ் பாலை அப்படியே ஊற்றாமல், பாலும் எண்ணெயும் அறை வெப்பத்துக்கு வந்தபின் தொடங்குங்கள். நீர்த்துப்போனால் வேறு குவளையில் 2 மேசைக்கரண்டி பால் வைத்து ஓட்டிக்கொண்டே, கெட்டுப்போனதைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள், சேர்ந்துவிடும். மிக்ஸி ஜாரில் இவ்வளவு சின்ன அளவு பிளேடுக்குப் பிடிபடாது. 400 கிராமுக்கு ஒன்றரை மடங்கு அளவெடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எவ்வளவு நேரம்

2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். நள்ளிரவு வரை நீளும் விருந்துக்கு இரண்டு சின்னப் பாத்திரமாகப் பிரித்து, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததை எடுங்கள். ஃபிரிட்ஜில் 3 நாள் நிற்கும். ஃப்ரீசரில் வைத்தால் மயோனைஸ் பிரிந்துவிடும்.

செய்து பார்த்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

ஆறிய கிழங்கு சாம்பல் நிறமாகிறதா? கிழங்கிலுள்ள இரும்புச்சத்து வெந்தபின் காற்றுப்பட்டு நிறம் மாறுவது அது. வினிகர் தண்ணீரில் வெந்த கிழங்கில் இது வருவது அபூர்வம். வினிகரை விட்டுவிட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை.

பீட்ரூட் சேர்க்கலாமா? பெருவில் சேர்க்கிறார்கள், அங்கே இந்த சாலட் இளஞ்சிவப்பாக இருப்பதுதான் அழகு. தனியே வேகவைத்து, உலர்த்தி, கடைசியில் சேருங்கள்.

ஆப்பிளும் கோழியும்? அது வெனிசுவேலாவின் என்சலாடா டி கயீனா, கிறிஸ்துமஸுக்கு அயாகாவோடு (சோளமாவில் இறைச்சி வைத்து வாழையிலையில் கட்டி வேகவைத்த பண்டம்) சாப்பிடுவது. வேகவைத்து உதிர்த்த முற்றிய கோழிக்கறியும் புளிப்பான பச்சை ஆப்பிளும் சேரும். ஆப்பிள் தண்ணீர் விடும், அதனால் பரிமாறும் அன்றே நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் புரட்டிச் சேருங்கள்.

மீந்ததை அர்ஜென்டினாவில் ஹாம் துண்டில் சுருட்டுவார்கள், தக்காளிக்குள் அடைப்பார்கள். தக்காளி என்றால் உள்ளே குடைந்து, உப்புத் தடவி, 15 நிமிடம் தட்டில் கவிழ்த்து வைத்து, தண்ணீர் இறங்கியபின் அடையுங்கள்.