சங்கம் நடத்தும் பயிற்சிகளை விடாதீர்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை ஜூனியர் வக்கீல்களே, ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலேயே பொழுது போனாலும் ஐகோர்ட் வளாகத்தில் ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். மெட்ராஸ் பார் அசோசியேஷன், வழக்கறிஞர் சங்கம், பெண் வழக்கறிஞர் சங்கம், எதுவானாலும் சரி. சந்தா பாக்கி மட்டும் வேண்டாம். நான் நம்புவது அறிவிப்புப் பலகையைத்தான். வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே பயிற்சி அழைப்பு காணாமல் போகும்.

முதலில் புதிய குற்றவியல் சட்டக் கூட்டங்களுக்குப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் கேஸ் கட்டிலிருந்தே, கட்சிக்காரர் பெயரை விட்டுவிட்டு, ஒரு சிக்கலை எழுதிக்கொண்டு போங்கள். 2024 ஜூனில் அடிதடி, ஆகஸ்டில் எஃப்.ஐ.ஆர். என்றால் குற்றப் பிரிவு பழைய இ.பி.கோ.; நடைமுறை, அந்த ஜூலை 1-இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். அப்படியானால் ஜாமீன் மனுவில் எந்தப் பிரிவைப் போடுவது? இப்படிக் கேட்டால்தான் பேச்சாளர் நிமிர்ந்து உட்காருவார். மைக் கிடைக்காவிட்டால் டீ நேரத்தில் பிடியுங்கள். அங்கேதான் உண்மையான பதில் வரும்.

வழக்கைப் பேசித் தீர்க்கும் சமரசப் பயிற்சி வேறு கணக்கு. 40 மணி நேரம், பாதியில் எழுந்து வரமுடியாது. அந்த நாட்களின் வாய்தாக்களை முன்கூட்டியே நண்பரிடம் ஒப்படையுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஐகோர்ட் வாசலிலேயே இறங்கலாம்.