விசிறி வைத்த ஓவனில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

சமையல் மேடை மீது வைக்கும் கன்வெக்‌ஷன் ஓவனைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே ராகம்தான். மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. ஒரு பக்கம் சிவக்கிறது, மறுபக்கம் வெளுத்துக் கிடக்கிறது. செய்முறையில் சொன்னபடியே செய்தும் சரியாக வரவில்லை. பழி ஓவன் மேல் விழுகிறது. ஆனால் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், காற்று ஓட வேண்டிய வழியை நாமே அடைத்து வைத்திருப்போம்.

சாதாரண ஓவனில் வெப்பக் கம்பிகள் சூடேறும், காற்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். உணவின் மேற்பரப்பை ஒட்டி ஈரமான, சற்றுக் குளிர்ந்த காற்றுப் படலம் ஒன்று தங்கிவிடும். கன்வெக்‌ஷன் ஓவனின் விசிறி அந்தப் படலத்தை ஓயாமல் கலைக்கிறது. காற்றடிக்கும் நாளில் கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்கிறதே, அதே கதை. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும். ஈரம் போன பிறகுதான் மேலே ஏறும், 140 டிகிரி வாக்கில் பொன்னிறமும் வறுத்த மணமும் வரத் தொடங்கும். கன்வெக்‌ஷன் ஓவன் சீக்கிரம் சிவக்க வைப்பதன் ரகசியம் இவ்வளவுதான். கீழே சொல்லும் தவறுகளில் பலவும் இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

லிட்டர் கணக்கை நம்பி வாங்குவது

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 30 லிட்டர் என்று போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் மொத்தக் கொள்ளளவு. நமக்கு வேண்டியது தட்டு வைக்கும் பரப்பும், தட்டுக்கும் மேல் கம்பிக்கும் இடையிலான உயரமும். ஒரே லிட்டர் எண் கொண்ட இரண்டு ஓவன்களில் ஒன்று அகலமாகத் தாழ்ந்தும், மற்றொன்று குறுகலாக உயர்ந்தும் இருக்கலாம். முன்னதில் பிஸ்கட் நன்றாக வரும், உயரமான பிரெட் மேல் கம்பியை முட்டும். பின்னதில் நேர்மாறு.

ஆகவே கடைக்குப் போகும்போது அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உங்களிடம் இருப்பது 23 செ.மீ. வட்டக் கேக் டின் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றிக் காற்று ஓட எல்லாப் பக்கமும் 2 அல்லது 3 செ.மீ. இடைவெளி வேண்டும். அப்படியென்றால் உள்ளே அகலமும் ஆழமும் 28 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆழத்தை அளக்கும்போது கதவைச் சாத்தினால் கண்ணாடி எங்கே வந்து நிற்கும், விசிறியின் மூடி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். டின்னுக்குக் கைப்பிடி இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பன்னிரண்டு வகைச் சமையலுக்குப் பன்னிரண்டு பொத்தான் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரும்பாலானவை ஒரு வெப்பநிலையையும் ஒரு நேரத்தையும் முன்கூட்டியே பதித்து வைத்த குறுக்குவழிகள். அந்தக் காசுக்குக் கீழ்க் கம்பி, மேல் கம்பி, விசிறி ஆகியவற்றைத் தனித்தனியாக இயக்க முடிகிறதா என்று பாருங்கள். குறிப்பாக விசிறியை நிறுத்த முடிய வேண்டும். முட்டையும் பாலும் சேர்ந்த கஸ்டர்ட், சீஸ்கேக், மெல்லிய ஸ்பான்ஜ் ஆகியவற்றுக்கு அடிக்கும் காற்று ஆகாது. மேல்தோல் முந்திக்கொண்டு இறுகிவிடும். பிறகு உள்ளிருக்கும் மாவு பொங்கும்போது அது வெடிக்கும், அல்லது கேக் ஒரு பக்கமாகச் சாயும். விசிறியை நிறுத்த வழியில்லாத ஓவனில் இவற்றைச் செய்வது ஒவ்வொரு முறையும் போராட்டம்தான்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாட் எண்ணை வோல்ட் எண்ணால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 1,800 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியரும், 120 வோல்ட்டில் 15 ஆம்பியரும் இழுக்கும். சுவரில் இருக்கும் ப்ளக் அதைத் தாங்குமா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகவே கூடாது. ஓவனைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அதையும் மேடையில் அளந்துகொள்ளுங்கள். திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். ஓவனின் தலையில் பொருள்களை அடுக்கி வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

சூட்டை அப்படியே வைப்பது

பெரும்பாலான செய்முறைகள் விசிறி இல்லாத ஓவனுக்கு எழுதப்பட்டவை. விசிறியோடு சமைக்கும்போது 15 முதல் 20 டிகிரி வரை குறைக்க வேண்டும். 180 என்று எழுதியிருந்தால் 160 போதும், அத்துடன் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே எட்டிப் பார்க்கவும் வேண்டும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சில ஓவன்கள் கன்வெக்‌ஷன் முறைக்கு மாற்றியதும் தாமாகவே சூட்டைக் குறைத்துக்கொள்ளும். அது தெரியாமல் நாமும் குறைத்தால் கேக் வெளிறிப்போய் நிற்கும். செய்முறையில் 350 என்று கண்டால் அது ஃபாரன்ஹீட், நமக்கு 177 டிகிரி செல்சியஸ்.

ஓவன் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். தெர்மோஸ்டாட் கம்பியை ஏற்றியும் அணைத்தும் சூட்டைப் பராமரிப்பதால், உள்ளே வெப்பநிலை மேலும் கீழும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதன் சராசரியே குமிழில் உள்ள எண்ணிலிருந்து விலகியிருப்பது மலிவான ஓவன்களில் சாதாரணம். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது. அது இல்லாதபோது சர்க்கரை கைகொடுக்கும், ஏனென்றால் சர்க்கரை உருகுவது ஏறத்தாழ 186 டிகிரியில். அலுமினியத் தாளைக் கிண்ணம்போல் மடித்து அரைத் தேக்கரண்டி சர்க்கரை போடுங்கள். விசிறியை நிறுத்திவிட்டு, 175 டிகிரியில் நன்றாகச் சூடேறிய ஓவனின் நடுவில் 15 நிமிடம் வையுங்கள். மணிமணியாக வெள்ளையாகவே இருக்க வேண்டும். ஓரம் கசிந்து பளபளக்கத் தொடங்கியிருந்தால் ஓவன் சொல்வதைவிட அதிகமாகக் காய்கிறது. அடுத்து, புதிய சர்க்கரையை 190 டிகிரியில் அதே நேரம் வையுங்கள். இந்த முறை உருக வேண்டும். உருகவில்லை என்றால் ஓவன் சூட்டில் கஞ்சத்தனம் செய்கிறது. எந்தப் பக்கம் பிசகு என்று தெரிந்துவிட்டால் குமிழை அதற்கேற்பத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

“ரெடி” விளக்கு எரிந்த உடனே தட்டை உள்ளே தள்ளுவதும் பரவலான தவறு. விளக்கு சொல்வது காற்றின் சூட்டை. சுவரும் கம்பித் தட்டும் இன்னும் காய்ந்திருக்காது. கதவைத் திறந்த கணமே அந்தச் சூடான காற்று வெளியேறிவிடும், ஈடுகட்டச் சுவர்களில் சேமிப்பு இருக்காது. விளக்குக்குப் பிறகு இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள்.

தட்டும் தாளும்

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு இது. ஓவனின் அகலத்துக்கு அளவெடுத்தாற்போல் ஒரு தட்டை வாங்கி, சுவரோடு சுவராக இறுக்கி வைப்பார்கள். கீழிருந்து வரும் சூடு தட்டின் அடியிலேயே சிறைப்படும், மேலே வராது. அடிப்பக்கம் கருகி மேற்பக்கம் வெளுக்கும். விசிறிக்குக் காசு கொடுத்துவிட்டு அதற்குக் கதவடைப்பு. உயர்ந்த விளிம்பு கொண்ட பாத்திரமும் இதே கேட்டைத்தான் செய்கிறது. வறுக்கும் வேலைக்கு விளிம்பு தாழ்ந்த, ஒரு சுற்றுச் சிறிய தட்டு போதும்.

உருளைக்கிழங்குத் துண்டுகளை வறுத்துப் பாருங்கள், இடைவெளியின் அருமை புரியும். தட்டு நிறைய நெருக்கிப் போட்டால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் எழும் நீராவி பக்கத்துத் துண்டின் மேல் படியும். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், மூலைத் துண்டுகள் மட்டும் சிவந்திருக்கும், நடுவில் இருப்பவை வேகவைத்த கிழங்குபோல் மெத்தென்று இருக்கும். கழுவிய துண்டுகளைத் துணியால் ஒற்றி, ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, இரண்டு தவணையாகச் செய்தால் மொத்த நேரம் கூடுவது உண்மைதான். ஆனால் தின்னும்போது அந்த மொறுமொறுப்பு வேறு.

பட்டர் பேப்பரை வெறுமனே விரித்து ஓவனைச் சூடேற்றாதீர்கள். விசிறிக் காற்றில் தாள் எழும்பிக் கம்பியில் பட்டால் தீப்பிடிக்கும். தட்டின் அளவுக்கு வெட்டி, மேலே உணவின் எடை இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பது பெட்டியிலேயே இருக்கும், பல தாள்களுக்கு 220 டிகிரி வாக்கில் எல்லை. மெழுகுத் தாள் வேறு சரக்கு, ஓவனுக்கு ஆகாது. அடியில் இழுத்து எடுக்கும் துகள் தட்டைச் சுத்தம் செய்யச் சோம்பல்பட்டு அதன் மேல் அலுமினியத் தாளை விரிப்பவர்களும் உண்டு. சூடு அங்கே தேங்கி ஓவன் அளவுக்கு மீறிக் காயும் என்பதால் பல தயாரிப்பாளர்கள் அதை நேரடியாகவே தடை செய்கிறார்கள்.

கேக்கோ பிரெட்டோ பொங்கி மேல் கம்பியை நெருங்கும் என்று தோன்றினால் முதலிலேயே கீழ்ப்படியில் வையுங்கள். அப்படியும் மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, ஓரங்களை டின்னின் விளிம்பில் நன்றாக மடித்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும். மேல் கம்பி மட்டும் தகதகவென எரியும் கிரில் முறையில் கண்ணாடியே வேண்டாம்.

நிறம் வந்துவிட்டது என்று எடுத்துவிடுவது

காற்று மேற்பரப்பைச் சீக்கிரம் காய வைக்கிறது, உள்ளே சூடு போகும் வேகமோ அவ்வளவாக மாறுவதில்லை. கோழியில் இந்த வித்தியாசம் ஆபத்தானது. தோல் தங்க நிறத்தில் மின்னும், எலும்பை ஒட்டிய இறைச்சி பச்சையாக இருக்கும். சதையின் மிகப் பருமனான இடத்தில், எலும்பில் படாமல், குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைச் செருகி 74 டிகிரி வந்ததா என்று பார்ப்பதுதான் வழி. நிறத்தைக் கண்டு முடிவு செய்வது பிஸ்கட்டுக்குச் சரி.

திருகும் டைமர் இருந்தால், ஐந்து நிமிடம் போன்ற சிறிய அளவுகளுக்கு அது துல்லியமாக ஓடாது. இருபதைத் தாண்டித் திருகிவிட்டுப் பின்னுக்குக் கொண்டுவாருங்கள்.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. துகள் தட்டை ஒவ்வொரு முறையும் ஓவன் ஆறிய பிறகு தட்டிவிடுங்கள், தெறித்த எண்ணெயை ஈரத் துணியால் துடையுங்கள், இல்லையேல் அடுத்த சமையலில் புகை வரும். இரும்பு நார் கொண்டு தேய்க்காதீர்கள். அதிலிருந்து உதிரும் கம்பித் துணுக்கு மின் இணைப்பில் பட்டால் ஷாக் அடிக்க வாய்ப்புண்டு. புதிதாக வாங்கிய ஓவனை முதல் தடவை காலியாக, சன்னல்களைத் திறந்து வைத்து, உச்ச சூட்டில் 15 நிமிடம் ஓட விடுங்கள். கம்பிகளில் பூசி அனுப்பிய எண்ணெய் எரிந்து கொஞ்சம் புகை வரும், வாடை அடிக்கும். அதைக் கண்டு பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.