விஎம் ஓட்ட லேப்டாப் வாங்கும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்

போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தான். டிப்ளமோ முடித்துவிட்டு சிஸ்டம் அட்மின் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். கையில் புது லேப்டாப், அதில் விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டிப் பழகுகிறான். “அண்ணே, ரெண்டு விஎம் ஆன் பண்ணாலே மவுஸ் நகர மாட்டேங்குது. என்னன்னு பாருங்கண்ணே” என்றான். பார்த்தேன். ரேம் 8 ஜிபி. அதுவும் மதர்போர்டிலேயே சோல்டர் செய்தது. கூட்டுவதற்கு ஸ்லாட் இல்லை. அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் வாங்கியதாம். விஷயத்தைச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

லேப்டாப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுத் தலைமுறை ப்ராசசர், மெல்லிய உடம்பு, நல்ல திரை. நம் வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான். சிஸ்டம் அட்மின் வேலை பழகுகிறவரின் லேப்டாப்புக்குள் நாலைந்து கணினிகள் குடியிருக்கப் போகின்றன. அத்தனைக்கும் இடம் இருக்கிறதா, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்ட முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: தாளில் கணக்குப் போடுங்கள்

எந்த மாடலையும் பார்ப்பதற்கு முன்னால், ஒரே நேரத்தில் எந்தெந்த மெஷின்கள் ஓட வேண்டும் என்று எழுதுங்கள். பத்து விஎம் உருவாக்கி வைத்திருக்கலாம். அணைந்து கிடப்பவை டிஸ்கில் மட்டும்தான் இடம் பிடிக்கும். ஓடுகிறவைதான் ரேமைப் பிடிக்கும்.

அந்தத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது. ஆக்டிவ் டைரக்டரி (ஒரு நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வசதி) பழக விண்டோஸ் சர்வர் ஒன்று, 4 ஜிபி. மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 2 ஜிபிதான், ஆனால் அதில் வேலை நகராது. அது நிர்வகிக்கும் டொமைன் என்ற கணினிக் குழுவில் சேர்க்க விண்டோஸ் 11 ஒன்று, 4 ஜிபி. அன்சிபிள் (பல சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி) பழக உபுண்டு லினக்ஸ் சர்வர் இரண்டு, தலா 2 ஜிபி. இவற்றுக்கு நடுவே ஃபயர்வாலாக பிஎஃப்சென்ஸ், 1 ஜிபி. கூட்டினால் 13. அப்புறம் இத்தனையையும் தாங்குகிற விண்டோஸும் பக்கத்தில் திறந்திருக்கும் பிரவுசரும் சேர்ந்து ஒரு 6 ஜிபி கேட்கும். ஆக மொத்தம் 19.

16 ஜிபி போதவில்லை, பார்த்தீர்களா? 24 இருந்தால் ஓடும், 32 இருந்தால் நிம்மதி. லினக்ஸ் மட்டும் படிக்கிறவர்களுக்குக் கணக்கு சுருங்கிவிடும். டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் சர்வர் நான்கு, தலா 2 ஜிபி என்றால் 8. லேப்டாப்பிலும் லினக்ஸே போட்டால் அதற்கு ஒரு 4. 16 ஜிபியிலேயே மிச்சம் இருக்கும். ஆகவே யாரோ வாங்கிய மாடலைக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் தாளில் என்ன எண் வருகிறதோ அதற்கு வாங்குங்கள்.

படி 2: ப்ராசசருக்கு முன்னால் ரேமைக் கேளுங்கள்

கடையில் முதலில் காட்டுவது ப்ராசசர் ஸ்டிக்கரைத்தான். ஐ5, ஐ7 என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நம்மூர் பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு முன்னால் ஒரே மாஸ்டர். ஆறு பேர் கேட்டாலும் மாறி மாறிப் போட்டுக் கொடுத்துவிடுவார். கூட்டம் என்றால் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் ஆறு பேர் உட்கார ஆறு நாற்காலி இருந்தாக வேண்டும். உட்கார்ந்தவர் சாப்பிடாமல் பேசிக்கொண்டிருந்தாலும் நாற்காலி அவருடையதுதான். மாஸ்டர் ப்ராசசர், நாற்காலி ரேம். பழகுவதற்காக ஓட்டும் விஎம்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும் என்பதால் 4 கோர் ப்ராசசரை ஐந்து விஎம் பகிர்ந்துகொள்ளும். ரேமை அப்படிப் பகிர முடியாது. விஎம் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் ஹைப்பர்-வியில் டைனமிக் மெமரி என்று ஒரு வசதி உண்டு, கொஞ்சம் மிச்சம் பிடிக்கும்; அதை நம்பி ரேமைக் குறைத்து வாங்காதீர்கள். ரேம் தீர்ந்துபோனால் லேப்டாப் டிஸ்கை ரேம் மாதிரிப் பயன்படுத்தத் தொடங்கும். அந்தத் தம்பியின் மவுஸ் நின்றது இதனால்தான்.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “ரேம் ஸ்லாட் எத்தனை இருக்கு?” இரண்டு ஸ்லாட் என்றால் இன்று 16 ஜிபியோடு வாங்கிவிட்டு, கையில் காசு வரும்போது 32 ஆக்கிக்கொள்ளலாம். ஒரு பகுதி சோல்டர், கூடவே ஒரு ஸ்லாட் என்றால் பரவாயில்லை. முழுவதும் சோல்டர் என்றால், உங்கள் தாளில் உள்ள எண்ணைவிடக் கூடுதலாக ஏற்கெனவே இருந்தால் மட்டும் வாங்குங்கள். விவரத்தாளில் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் கிட்டத்தட்ட எப்போதுமே அது சோல்டர் செய்த ரேம்தான். டிடிஆர்4 ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதற்கும் வழி உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் எஸ்ஓடிம் என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் சோல்டர். பத்து விநாடி வேலை.

படி 3: ப்ராசசர்

இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். 2017இல் வந்த அந்தத் தலைமுறையில்தான் யு வகை (மின்சாரம் குறைவாக எடுக்கும் லேப்டாப் வகை) ஐ5 இரண்டு கோரிலிருந்து நான்குக்கு மாறியது. சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதும் அங்கிருந்துதான். ஏஎம்டி என்றால் ரைசன் 5 5600யு போன்றவற்றில் 6 கோர், 12 த்ரெட் கிடைக்கும், விஎம்முக்கு அருமை.

விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி என்ற விர்ச்சுவலைசேஷன் வசதி இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) அணைத்து வைத்திருக்கலாம், அதை மட்டும் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்று வர வேண்டும்.

ஆப்பிளின் எம் வரிசை மேக்புக் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நல்ல மெஷின்தான், ஆனால் அதில் இருப்பது ஆர்ம் ப்ராசசர். அலுவலகங்களில் நாம் பார்க்கும் சர்வர்களில் பெரும்பாலானவை எக்ஸ்86, அதாவது இன்டெல், ஏஎம்டி வகை. அந்த விண்டோஸ் சர்வரை மேக்புக்கில் ஓட்ட எமுலேஷன் (எக்ஸ்86 ப்ராசசர் போல மென்பொருளால் நடிக்க வைப்பது)தான் வழி, அது மிகவும் மெதுவாக இருக்கும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 4: டிஸ்க்

என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான வகை), 512 ஜிபி. அதைவிட மெதுவான சாட்டா எஸ்எஸ்டியும் ஓடும். சுற்றும் ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம். மூன்று விஎம் ஒன்றாக பூட் ஆகும்போது டிஸ்கின் முனை அங்குமிங்கும் ஓடியே நேரம் போய்விடும்.

படி 5: புதியதா, பழையதா

என்னைக் கேட்டால் பட்ஜெட் குறைவாக இருப்பவர்கள் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த பிசினஸ் லேப்டாப்பையே வாங்கலாம். திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு, நெட்வொர்க் கேபிள் செருகும் ஆர்ஜே45 போர்ட்டும் உண்டு. பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் கதை மாறிவிடும், கவனம்: டி480எஸ் என்றால் கொஞ்சம் ரேம் போர்டிலேயே இருக்கும், ஸ்லாட் ஒன்றுதான்.

எனக்கும் பழைய லேப்டாப்பில் ஓர் அடி விழுந்திருக்கிறது. ஒரு கடையில் நல்ல விலைக்குக் கிடைத்தது என்று வாங்கி வந்தேன். வீட்டில் பயாஸுக்குள் போனால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டது. விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தது, அதை ஆன் செய்ய வழியில்லை. திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து, மதுரை டவுன்ஹால் ரோடோ வேறு எந்தக் கடைத்தெருவோ, பணம் கொடுக்கும் முன் அங்கேயே நின்று இதையெல்லாம் பார்த்துவிடுகிறேன்.

முதலில் பயாஸ். லேப்டாப்பை ஆன் செய்ததும் திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போக வேண்டும், விர்ச்சுவலைசேஷனை மாற்றிச் சேமிக்க முடிய வேண்டும்.

அடுத்து விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் பதிவிலேயே இருக்கிறது என்று அர்த்தம். வாங்காதீர்கள். ரீசெட் முடிய நேரமாகும், காத்திருங்கள். காத்திருக்க விடாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

பேட்டரிக்கு, கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். டிசைன் கெப்பாசிட்டியோடு ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியை ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரி செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். நம் ஊர்களில் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை வரும் நாட்கள் உண்டு. ஐந்து விஎம் ஓடும்போது திடீரென்று லேப்டாப் அணைந்தால் விஎம் டிஸ்க் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். எல்லாவற்றையும் சேவ் ஸ்டேட் செய்து (ஓடும் நிலையிலேயே சேமித்து) மூடும் அளவுக்காவது பேட்டரி தாங்க வேண்டும்.

படி 6: சூடு

கத்திரி வெயிலில் மதுரையில் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத அறையில் ஐந்து விஎம் ஓட்டினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள். பழைய லேப்டாப் என்றால் விசிறியைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள், சின்னச் செலவுதான். ஃபேன் இல்லாத மெல்லிய மாடல்கள் இந்த வேலைக்கே வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் டெபியன் லினக்ஸ் போட்டு, மூடி, மூலையில் வைத்து எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே கட்டளையிடும் முறை) வழியாக உள்ளே போய்ப் பழகலாம். நிஜ கேபிள், நிஜ ஐபி. ஒரு விஎம்மின் சுமையும் குறையும்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

விண்டோஸ் ஹோமில் ஹைப்பர்-வி கிடையாது, ப்ரோவில்தான் உண்டு. கவலை வேண்டாம், விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லாருக்கும் இலவசம். விண்டோஸ் சர்வரை 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பாக மைக்ரோசாஃப்டே தருகிறது. விர்ச்சுவல்பாக்ஸில் விஎம் ஜன்னலின் கீழ்ப்பகுதியில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால் பின்னணியில் ஹைப்பர்-வி ஓடுகிறது, அதனால்தான் மெதுவாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி ஆனில் இருந்தாலும் அப்படி வரலாம்.

கடையில் மாற்றித் தர எத்தனை நாள் அவகாசம் என்று பில்லிலேயே எழுதி வாங்கியிருப்பீர்கள். அதற்குள் முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, அதில் உள்ள எல்லா மெஷின்களையும் ஒன்றாக ஆன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் ஓடட்டும். நடுவில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள், டாஸ்க் மேனேஜரில் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாளில் இருந்த எண்ணுக்கு அருகில் நின்றால் சரி. மவுஸ் தடுமாறினால் மறுநாள் காலையிலேயே லேப்டாப்பையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.